ஆறடிக் கயிறு

மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா போய் வந்த அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள். பத்தியச் சமையல், பிரசவ லேகியம், குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் என்று ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். என்னிடம் இருப்பது நாய் மேய்த்த கதை.

நவம்பர் மாதம் நான் போய் இறங்கியபோது மகளுக்கு ஏழாவது மாதம். கலிஃபோர்னியாவில் சன்னிவேல் என்ற ஊரில் வீடு. மாப்பிள்ளை, எட்டு வயதுப் பேத்தி, இவர்களோடு முறுக்கு என்றொரு நாய். ஆதரவற்ற நாய்களுக்கான காப்பகத்திலிருந்து எடுத்து வந்தது. வால் சுருண்டு முறுக்கு மாதிரியே இருந்ததால் பேத்தி வைத்த பெயர். எடை இருபத்தைந்து கிலோ. அதன் பாதி எடை இழுக்கும் வேகத்தில்தான் இருந்தது.

எனக்கு நாய் என்றாலே ஆகாது. ஏழாம் வகுப்புப் படிக்கும்போது தெருநாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டவள் நான். தபால் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தும், நாய் இருக்கிற தெரு வழியாகப் போனதில்லை, சுற்றிக்கொண்டுதான் போவேன். இப்போது மகள் சொல்கிறாள், “அம்மா, இவன் இழுத்தா நான் விழுந்துடுவேன். டாக்டரும் வேண்டாம்னுட்டார். அவர் ஏழரைக்கே ஆபீஸ் கிளம்பிடுவார். காலையில நீதான் கூட்டிட்டுப் போகணும்.”

பேரக்குழந்தைக்காகக் கடல் தாண்டி வந்தாயிற்று. நாய்க்கயிறைப் பிடிக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

தினமும் காலையில் குடியிருப்பைச் சுற்றி நடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லோரும் காரில் ஏறி, பக்கத்து ஊரில் இருக்கிற பாலோ ஆல்டோ பேலண்ட்ஸ் என்ற சதுப்பு நிலக் காப்பகத்துக்குப் போவோம். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்மேற்குக் கரையில் 1,940 ஏக்கர். அலையோடு ஏறி இறங்கும் உப்புச் சதுப்பு, அதன் நடுவே மண் கரைகள், கரைமேல் நடைபாதை. பாதையின் நீளம் மட்டும் ஏறக்குறைய 24 கிலோமீட்டர். மர நிழல் என்பது பேருக்குக்கூட இல்லை. மகள் கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள், மாப்பிள்ளை அவளுக்குத் துணை. நானும் பேத்தியும் முறுக்கும் நடப்போம்.

முதல் தடவையே தப்பு செய்தேன். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

தண்ணீர் வடிந்திருந்த நேரம். கண்ணுக்கெட்டிய தூரம் பளபளவென்று சேறு. அதன்மேல் சின்னச் சின்ன உள்ளான் குருவிகள், நூற்றுக்கணக்கில், குனிந்த தலை நிமிராமல் கொத்திக்கொண்டிருந்தன. முறுக்கு கயிறை இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது. எனக்குப் பரிதாபமாக இருந்தது. ஆளரவமே இல்லாத இடம். அவிழ்த்துவிட்டால் வாயில்லா ஜீவன் கொஞ்சம் ஓடி விளையாடுமே!

“பாட்டி, நாயைக் கயித்துலதான் பிடிக்கணும்னு போர்டுல போட்டிருக்கு. ஆறடிக்கு மேல கயிறு இருக்கக்கூடாதாம்” என்றாள் பேத்தி.

“யாருமே இல்லையே கண்ணு, அஞ்சு நிமிஷம்தான்” என்று கொக்கியைக் கழற்றினேன்.

கரைச் சரிவில் ஒரே பாய்ச்சல். சேற்றில் இறங்கியதுதான் தாமதம், அத்தனை குருவிகளும் ஒரே சமயத்தில் எழுந்தன. ஒரு பக்கம் திரும்பினால் வெள்ளை, மறுபக்கம் திரும்பினால் பழுப்பு. துணி உதறுவது போல ஒரு சத்தம். நான் என்ன செய்தேன் தெரியுமா? செல்போனை எடுத்து வீடியோ பிடித்தேன். ஊருக்கு அனுப்பினால் இவர் பார்த்துச் சந்தோஷப்படுவாரே என்று. பேத்தி மட்டும் “முறுக்கு! முறுக்கு!” என்று கத்தி அழுதுகொண்டிருந்தாள். நாய் திரும்பி வரப் பத்து நிமிடம் ஆனது. மார்பு வரை கறுப்புச் சேறு.

கழுத்தில் பைனாகுலர் மாட்டிய ஓர் அம்மாள் வந்தார். எழுபது வயது இருக்கும். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “அழகான நாய்” என்றார் முதலில். பிறகு சேற்றைக் காட்டினார். அந்தக் குருவிகள் அலாஸ்கா பக்கம் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இங்கே வருபவை. ஒன்றின் எடை இருபத்தைந்து, முப்பது கிராம். நம் கணக்கில் மூன்று, மூன்றரைப் பவுன். தண்ணீர் வடிந்திருக்கிற சில மணி நேரம்தான் அவற்றுக்குச் சாப்பாட்டுப் பந்தி. அலை திரும்பினால் இலையை எடுத்துவிடுவார்கள். சாப்பிட்டுச் சேர்க்கிற கொழுப்புதான் வசந்தத்தில் திரும்பிப் பறக்கப் பெட்ரோல். ஒருமுறை விரட்டினால், தின்றதில் கொஞ்சம் பறந்தே தீர்ந்துவிடும்; தின்னும் நேரமும் போய்விடும். “உங்கள் நாய் ஒன்றையும் பிடிக்கவில்லைதான். ஆனால் இன்று இந்தப் பக்கம் வருகிற பத்தாவது நாயாக அது இருந்தால்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பந்தியில் உட்கார்ந்தவர்களை எழுப்பிவிடுவது எவ்வளவு பெரிய பாவம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வீடியோவை அன்றைக்கே அழித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆறடிக் கயிறு என் வலது கையோடு ஒட்டிக்கொண்டது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, விரல் மாட்டிக்கொள்ளும். கட்டைவிரலில் வளையத்தை மாட்டி உள்ளங்கையில் மடித்துப் பிடிக்க வேண்டும். இது மாப்பிள்ளை கற்றுத் தந்தது. “அத்தை, இழுக்கும்போது நீங்களும் இழுக்காதீங்க, நின்னுடுங்க. அவனே திரும்பிப் பார்ப்பான்” என்றார். நின்றேன். திரும்பிப் பார்த்தது. பதினைந்து நாளில் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வந்துவிட்டது.

நாயோடு இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகளையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டில் நாய் இருக்கிற அம்மாக்களுக்குப் பயன்படும். குடிதண்ணீரும் சின்னக் கிண்ணமும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். சதுப்புத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், உப்பு வயிற்றைக் கெடுக்கும். எச்சத்தை அள்ளப் பை வேண்டும்; அள்ளிய பையைப் பாதையோரம் வைத்துவிட்டு வராமல் குப்பைத்தொட்டி வரை சுமக்க வேண்டும். கோடையில் காய்ந்த நரிவால் புல்லின் முள் போன்ற விதைகள் நாயின் காதிலும் விரலிடுக்கிலும் குத்தி உள்ளே ஏறும்; வீட்டுக்கு வந்ததும் தடவிப் பாருங்கள். நடக்கும்போது அவசரப்படாதீர்கள். நாய்க்கு நடை என்பது தூரமல்ல, மோப்பம். ஒரு புதரை அது முகர்ந்து முடிக்கட்டும்.

அந்த நிதானத்தால் எனக்குத்தான் லாபம். முறுக்கு நிற்கிற இடத்தில் எல்லாம் நானும் நின்றேன். நின்றபோதுதான் பார்த்தேன். கரையோரம் சதைப்பற்றோடு முட்டு முட்டாக வளர்ந்திருந்த செடி நம்ம ஊர் உப்பளங்களில் வளருகிற உமரியின் உடன்பிறப்பு. தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்ந்து வாலை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது ஊசிவால் வாத்து. கரண்டி போல அலகுள்ளது தட்டைவாயன். இந்த இரண்டு இனமும் குளிர்காலத்தில் நம் பள்ளிக்கரணைக்கும் வருகின்றன! அலாஸ்காவிலிருந்து ஒரு கூட்டம் அங்கே, சைபீரியாவிலிருந்து ஒரு கூட்டம் இங்கே. பின்கோடு இல்லாமலே முகவரி தப்பாமல் போய்ச் சேர்கின்றன. முப்பத்து நான்கு வருடம் தபால் பிரித்தவளுக்கு அது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. நான் வேளச்சேரியில் குடியிருக்கிறேன். பள்ளிக்கரணை எனக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். அங்கே ஒருநாளும் ஒரு வாத்தை நின்று பார்த்ததில்லை.

பேலண்ட்ஸில் பிக்ஸ்பீ பார்க் என்றொரு புல்மேடு இருக்கிறது. ஏறி நின்றால் விரிகுடா முழுவதும் தெரியும். முறுக்குக்குப் பிடித்த இடம். அங்கே தரை அணில்களின் வளை நிறைய. இரண்டு மாதம் ஏறி இறங்கிய பிறகுதான் மகள் சொன்னாள், அது குன்று இல்லையாம், ஊர்க் குப்பை மேடாம். 2011 வரை குப்பை கொட்டியிருக்கிறார்கள். பிறகு மூடி, மண் போட்டு, புல் வளர்த்திருக்கிறார்கள். சதுப்பின் கரையில் குப்பை மேடு. எனக்குப் பெருங்குடி நினைவு வராமல் இருக்குமா?

அவர்களும் நம்மைப்போல எல்லா வேலையும் செய்தவர்கள்தான். தங்க வேட்டைக்கு ஆட்கள் குவிந்த 1850-களிலிருந்து ஒரு நூற்றாண்டு காலம் அந்த விரிகுடாவைச் சுற்றியிருந்த அலைச் சதுப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் தூர்த்தும், கரை கட்டியும், உப்பளமாக்கியும் தீர்த்துவிட்டார்கள். 1961-இல் எதிர்க்கரையில் இருக்கிற பெர்க்லி நகரம், தண்ணீரைத் தூர்த்து ஊரையே இரண்டு மடங்காக்கத் திட்டம் போட்டது. அதைத் தடுக்கக் கிளம்பியவர்கள் மூன்று பெண்கள். கே கெர், சில்வியா மெக்லாஃப்லின், எஸ்தர் குலிக். மூவரும் குடும்பப் பெண்கள். ஆளுக்கு ஒரு டாலர் சந்தா வாங்கி இயக்கம் சேர்த்தார்கள். நான்கு வருடத்தில், 1965-இல், விரிகுடாவைத் தூர்ப்பதைக் கட்டுப்படுத்தச் சட்டமே வந்துவிட்டது. 2003-இல் தென் விரிகுடாவில் 15,100 ஏக்கர் உப்பளத்தை விலைக்கு வாங்கி, கரையை உடைத்து, அலையை மறுபடி உள்ளே விடும் வேலையைத் தொடங்கினார்கள். இழந்ததை மீட்பதற்கு எத்தனை வருடம், எவ்வளவு பணம் என்று யோசித்தால், பேத்தி படித்துக் காட்டிய அந்த ஆறடி போர்டின் அருமை புரிந்தது. மிச்சமிருப்பதைக் காப்பாற்ற ஆகிற செலவு ஒரு கயிறுதான்.

இப்போது அந்த ஜனவரிக் காலை.

அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் பொங்கும் என்பது நமக்குத் தெரியும். ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது. அதனால் டிசம்பர், ஜனவரியில் அந்தப் பொங்கல் கொஞ்சம் அதிகம். அதற்கு ராஜ அலை என்று பெயர். அன்றைக்குக் காலையில் அப்படிப்பட்ட அலை. மகளுக்கு நாள் நெருங்கிவிட்டதால் அவள் வரவில்லை. மாப்பிள்ளை எங்களை இறக்கிவிட்டு, கொஞ்சம் பின்னால் போன் பேசிக்கொண்டே வந்தார்.

சதுப்பைக் காணோம். போன வாரம் இடுப்பளவு தெரிந்த புல் முழுவதும் தண்ணீருக்குள். நுனி மட்டும் தெரிகிறது. மண் கரையின் ஓரமாக ஒரு முழ அகலத்துக்குப் புதர் மிஞ்சியிருந்தது. அந்த ஒரு முழத்தில்தான் அன்றைக்கு மொத்தச் சதுப்பும் குடியிருந்தது.

அங்கே உப்புச் சதுப்பு எலி என்று ஒன்று உண்டு. உலகத்தில் இந்த விரிகுடாவின் சதுப்புகளைத் தவிர வேறெங்கும் கிடையாது. எடை பத்து கிராம், ஒன்றேகால் பவுன். ரிட்ஜ்வே கோழி என்று ஒன்று, நம்ம ஊர் கானாங்கோழிக்கு ஒன்றுவிட்ட அக்கா. நாட்டுக்கோழி அளவு, நீண்ட அலகு, செம்பழுப்பு மார்பு. இரண்டும் அழியும் நிலையில் உள்ளவை என்று 1970-லேயே அரசுப் பட்டியலில் ஏறியவை. மற்ற நாளில் புல்லுக்குள் மறைந்து திரிவதால் கண்ணிலேயே படாது. ராஜ அலை வந்தால் மறைவிடம் முழுகிவிடும். கரையோரம் ஒண்டத்தான் வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு வெண்கொக்குகள் வரிசையாக வந்து நிற்கும். மேலே பூனைப் பருந்து தாழப் பறக்கும். பாதையில் நாம், நம் நாயோடு.

முறுக்கு சட்டென்று நின்றது. ஒரு கால் தூக்கியபடி. மூக்கு புதரைப் பார்த்து. மூன்றடி தூரத்தில், இலைகளுக்கு நடுவில் ஒரு கண். அசையாத ஒரு கண். பிறகுதான் அலகும் மார்பும் தெரிந்தன.

அடுத்த நொடி இருபத்தைந்து கிலோவும் பாய்ந்தது. எனக்கு அறுபத்து மூன்று வயது, இடது முழங்காலில் தேய்மானம். நின்று தாங்க முடியாது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. கயிறை விட்டிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. விடவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். புடவையோடு, சரளைக்கல் பாதையில், தொப்பென்று. இழுத்துக்கொண்டு இரண்டடி போனது. உள்ளங்கை உரிந்தது. கயிறு நின்றது. நாயின் மூக்குக்கும் அந்தக் கோழிக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும்.

கோழி பறக்கவில்லை. புதரின் அடியோடு தலையைத் தாழ்த்தி நாலு எட்டு நடந்து, இன்னொரு புதருக்குள் மறைந்தது. வெட்டவெளியில் எழும்பியிருந்தால் பருந்து பார்த்திருக்கும்.

“பாட்டி, கையில ரத்தம்!” என்று பேத்தி ஓடிவந்தாள். பின்னால் மாப்பிள்ளை, “அத்தை, கயிறை விட்டிருக்கலாமே! உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா?” என்று பதறினார். முறுக்கு திரும்பி வந்து என் கன்னத்தை நக்கியது. ஏழாம் வகுப்பு ஊசிகளெல்லாம் அந்த நிமிடத்தில்தான் ஆறின என்று நினைக்கிறேன். ராஜ அலை நாட்களில் நாயை அந்தப் பக்கமே கூட்டிப் போவதில்லை என்று அன்றே வீட்டில் தீர்மானம் போட்டோம். கயிறு இருந்தாலும் சில நாள் போகாமலிருப்பதே மரியாதை.

பதினெட்டு நாள் கழித்துப் பேரன் பிறந்தான். ஏப்ரலில் ஊர் திரும்பினேன்.

வந்த மறுவாரம் இவரை இழுத்துக்கொண்டு பள்ளிக்கரணைக்குப் போனேன். 2021-இல் அங்கே நடைபாதையோடு சூழலியல் பூங்கா திறந்திருக்கிறார்கள். மறு ஆண்டே 1,247 ஹெக்டேர் சதுப்புக்கு ராம்சார் என்கிற உலக அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீரை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்கு அனுப்புகிற இடம் அது. வாங்கி வைக்க இடம் சுருங்கினால் தண்ணீர் எங்கே போகும்? 2015 டிசம்பரில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. நாங்கள் மனை வாங்கியபோது கோரைப்புல் நின்ற நிலம்தான் அது. அன்று தண்ணீரைத்தான் திட்டினேன்.

பூங்காவுக்கு வெளியே, சாலையோரம் ஏழெட்டுத் தெருநாய்கள். பிளாஸ்டிக் பைகளைக் கிழித்துச் சோறு தின்றுகொண்டிருந்தன. தின்று முடித்த இரண்டு, சரிவில் இறங்கிச் சேற்றுக்குள் ஓடின. நெடுங்கால் உள்ளான்கள் கத்திக்கொண்டு எழுந்தன. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்த நாய்களுக்குக் கயிறு பிடிக்க ஆள் இல்லை. ஆனால் அந்த இடத்துக்கு அவற்றை அழைத்து வந்தது யார்? இவருடைய அறுபதாம் கல்யாணத்தில் மிஞ்சிய சாப்பாட்டை நாங்களே ஆட்டோவில் ஏற்றி, இதே சாலையோரம் கொட்டிவிட்டு வந்தோம். வாயில்லா ஜீவன்கள் பசியாறட்டும், புண்ணியம் என்று. அன்றைக்குக் கொக்கியைக் கழற்றிவிட்ட அதே பரிதாபம்தான் இது.

நாய்க்குச் சோறு போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அவரவர் தெருவில், ஒரே இடத்தில், அளவாகப் போடுங்கள். குடியிருப்புகளில் இதற்கென்று இடம் ஒதுக்கச் சொல்லி 2023-இல் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளே சொல்கின்றன. கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி இரண்டுக்கும் மாநகராட்சியைக் கூப்பிடுங்கள். ஏரிக்கரையிலும் சதுப்போரத்திலும் மிச்சச் சோறு, கோழிக்கழிவு, எதையும் கொட்டாதீர்கள். வேடந்தாங்கல் போன்ற சரணாலயத்துக்குப் போகும்போது வளர்ப்பு நாயை வீட்டிலேயே விட்டுப் போங்கள். எங்கள் குடியிருப்பில் இதைப் பேசினேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஆனால் போன மாதம் மாடி வீட்டு வளைகாப்பில் மிஞ்சியதைப் பக்கத்து முதியோர் இல்லத்துக்குப் போன் செய்து கேட்டு, சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

நேற்று வீடியோ காலில் பேத்தி வந்தாள். பேரன் தவழ்கிறான், முறுக்கு பக்கத்தில் படுத்துக்கொண்டு அவன் வாலை இழுப்பதைப் பொறுத்துக்கொள்கிறது.

“பாட்டி, கை சரியாப் போச்சா?” என்றாள். தழும்பைக் காட்டினேன்.

“கயிறு எங்கடி?” என்று கேட்டேன்.

“கதவுக்குப் பின்னால. நீ விட்டுட்டுப் போன ஸ்வெட்டர் மேலயே மாட்டியிருக்கு. அதை எடுத்தா முறுக்கு உன்னைத் தேடுது பாட்டி.”